லீவில் பிள்ளை படிக்க வேண்டும் என்றால், அவன் படிப்பதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகன் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான், இங்கிலீஷ் மீடியம். லீவுக்குக் காங்கயம் பக்கம் அம்மிச்சி வீட்டில், அதாவது உங்கள் அம்மா வீட்டில், கொண்டுபோய் விடப் போகிறீர்கள். பள்ளியில் ஒரு புத்தகப் பட்டியலும், தினம் எத்தனை பக்கம் படித்தான் என்று குறித்துப் பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் கொடுத்துவிட்டார்கள். போன வருஷம் பள்ளி திறந்தபோது, படிப்பதில் தடுமாறுகிறான் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம். தினம் ஒரு மணி நேரம் படிக்க வைக்க என்ன வழி, என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "அம்மாவுக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது, அங்கே சொல்லித்தர ஆள் இல்லை." எனக்கு என்னவோ, நீங்கள் கேட்க வந்ததே இதுதான் என்று படுகிறது. பக்கத்தில் நாமும் இல்லை, படித்தவர்களும் இல்லை, அப்புறம் பிள்ளை எப்படிப் படிப்பான்?

கோபி பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி நூலகப் பொறுப்பும் பல வருஷமாக என் தலையில்தான். அந்த அனுபவத்தையும், ஆசிரியர் பயிற்சியிலும் அதற்குப் பிறகும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை இழக்கிறார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்தது. 1996இல் ஹாரிஸ் கூப்பரும் கூட்டாளிகளும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு என்றார்கள். வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிட வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே இழப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். 2019இல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் இதையே கேள்விக்கு உள்ளாக்கினார். பழைய தேர்வுகளில் மதிப்பெண் கணக்கிட்ட முறையே இந்த இழப்பைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்பது அவர் வாதம். ஆக, எவ்வளவு இழக்கிறார்கள் என்பது இன்னும் முடியாத வழக்கு. அவர்களுடைய விடுமுறை நம்முடையதைவிட நீளம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரல் கடைசியில் விட்டு ஜூன் தொடக்கத்தில் திறக்கும் நம் லீவில் பையன் கற்றதெல்லாம் கரைந்து போகாது.

சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. வாசிப்பு வேகம் பழக்கத்தில்தான் நிற்கிறது. எழுத்தை அடையாளம் கண்டு, கூட்டி, சொல்லாக்கி, பொருள் பிடிப்பது வரை எல்லாம் தானாக ஓடவேண்டும். எழுத்துக் கூட்டுவதிலேயே மூளை களைத்துப் போனால் கதையை ரசிக்க மிச்சம் இருக்காது. நான்காம் வகுப்பில் பல பிள்ளைகள் இந்த வாசற்படியில்தான் நிற்கிறார்கள். ஒன்றரை மாதம் ஒரு வரிகூடப் படிக்காமல் ஜூனில் புத்தகத்தைத் திறந்தால் திக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். நான்கு பேருக்கு முன்னால் திக்கிய வெட்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வெட்கப்பட்ட பிள்ளை படிப்பதைத் தவிர்க்கும், தவிர்க்கத் தவிர்க்க இன்னும் திக்கும். எனக்குக் கவலை தருவது இந்தச் சுழல்தான்.

இனி புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்பதைப் பார்ப்போம். இதற்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும். புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைக்குத் தொடர்ந்து, கோடைக்கு 12 புத்தகம் கொடுத்தார்கள். பிள்ளைகளே தேர்ந்தெடுத்த புத்தகங்கள். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மற்றவர்களைவிட முன்னேறியதாக 2010இல் எழுதினார்கள். 2008இல் வெளிவந்த ஜேம்ஸ் கிம்மின் ஆய்வு 3 முதல் 5 வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது, அதாவது உங்கள் பையன் வயசு. அதில் புத்தகம் மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எப்படிப் புரிந்து படிப்பது என்று ஆசிரியர் முன்கூட்டியே பழக்கிவிட்டு, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும் சொன்ன பிள்ளைகள்தான் மேலே வந்தார்கள். ஒன்று புத்தகம் போதும் என்பதுபோல் இருக்கிறது, மற்றொன்று போதாது என்கிறது. நான் பார்த்தவரை இரண்டும் மெய்தான். ஓரளவு ஓட்டமாகப் படிக்கிற பிள்ளைக்குப் பிடித்த புத்தகம் கையில் கிடைத்தால் போதும், நம் தயவு தேவையில்லை. தடுமாறுகிற பிள்ளைக்குப் புத்தகம் பாதி, அவன் படிப்பதைக் கேட்க ஆள் பாதி.

அந்த ஆளாக உங்கள் அம்மா தாராளமாக இருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாதது குறையே இல்லை, சில சமயம் அதுவே வசதி. படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் உச்சரிப்பைத் திருத்துவார்கள், வேகம் போதாது என்பார்கள், நடுவில் பிடுங்கித் தாங்களே படித்துக் காட்டுவார்கள். அம்மிச்சிக்குக் கதை வேண்டும், அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு வீட்டில் பார்த்தது இது. பாட்டி முறத்தை வைத்துக்கொண்டு புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கட்டித் தூக்கினார்கள் என்று அவள் படித்ததும் பாட்டி கையை நிறுத்தினார். "கவுத்தக் கட்டித் தூக்குனா குட்டிக்குக் கழுத்து இறுகிப் போயிருமே சாமி. எதுல கட்டுனாங்கன்னு போட்டிருக்குதா? நல்லாப் பாரு." பிள்ளை விரலை மேலே கொண்டுபோய் அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கட்டிலில் கயிற்றைக் கட்டி இறக்கியிருந்தார்கள், அந்த வரியை அவள் தாண்டிப் போயிருந்தாள். "அதான பாத்தேன்" என்று பாட்டி அடுத்த புளியை எடுத்தார். புரியாத இடத்தில் நின்று திரும்பப் படிக்கும் இந்தப் பழக்கத்தை வகுப்பில் கொண்டுவர நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

ஆகவே அம்மாவிடம் "பையனுக்குச் சொல்லிக் குடுங்க" என்று சொல்லாதீர்கள், பயந்துவிடுவார். "அவன் படிக்கறதக் கேளுங்க, புரியலைன்னா அவனையே கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். "அப்பறம் என்னாச்சு?", "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" இந்த இரண்டு கேள்வி போதும். ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே காலை வைக்க முடியாத வெயிலில் எப்படியும் திண்ணையிலோ உள்ளேயோதான் கிடப்பான். அப்போது ஒரு இருபது நிமிஷம். நடுவில் நோம்பி வரும், கம்பம் போடுவார்கள், ஒரம்பரை வருவார்கள். அந்த நாட்களில் விட்டுவிடுங்கள். மாரியம்மன் நோம்பியைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து வந்து போன் செய்வீர்கள் அல்லவா? "சாப்டியா, சேட்டை பண்ணாம இருக்கியா" என்று கேட்டு வைப்பதோடு, பத்து நிமிஷம் நீங்கள் ஒரு கதையைப் போனில் படித்துக் காட்டுங்கள். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு நாளைக்கு என்று சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி அவன் கையில் இருந்தால், காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவனே படித்துவிடுவான். கூடவே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு லாபம். வீட்டில் "போய்ட்டு வர்றனுங்" என்று பேசுகிறவனுக்குப் புத்தகம் "போய் வருகிறேன்" என்று எழுதியிருக்கும். எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகாத பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தும் வரி ஓடாது. பெரியவர்கள் படித்துக் காட்டக் கேட்ட பிள்ளைக்கு அந்த வாக்கிய ஓட்டம் முன்பே பழக்கமாகி இருக்கும்.

இங்கிலீஷா தமிழா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பள்ளிப் பட்டியல் முழுக்க இங்கிலீஷ் என்பதால் சொல்கிறேன். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளில் பலர் பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள், என்ன கதை என்றால் முழிப்பார்கள். உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று தெரிய எளிய வழி இருக்கிறது. ஒரு இங்கிலீஷ் கதையைப் படித்துவிட்டு அம்மிச்சிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் கவலையில்லை. சொல்ல வரவில்லை என்றால் அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் கனம், கொஞ்சம் லேசானது கொடுங்கள். தமிழில் புரிந்து படிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தத் திறமை இங்கிலீஷிலும் கைகொடுக்கும் என்பது பரவலாக ஒப்புக்கொண்ட விஷயம். எவ்வளவு கைகொடுக்கும் என்பது அவனுக்கு எவ்வளவு இங்கிலீஷ் சொல் தெரியும் என்பதைப் பொறுத்தது.

எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரியாமல் புத்தகம் வாங்காதீர்கள். அசர் என்று ஒரு கல்விக் கணக்கெடுப்பு 2005இல் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிள்ளையிடம் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை என்று காட்டிப் படிக்கச் சொல்வார்கள். அதையே வீட்டில் செய்யலாம். பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கி, அவன் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். தடங்கலில்லாமல் போனால் அவன் கை எந்தப் புத்தகத்துக்குப் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும். அங்கேயே திக்கினால் படம் பெரிதாக, வரி குறைவாக இருக்கும் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள், "சின்னப் பசங்க புக்கு" என்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழகிய விஷயத்தைப் பற்றிய புத்தகம் என்றால் ஒரு படி கனமாக இருந்தாலும் படித்துவிடுவான். கிரிக்கெட் பைத்தியம் பேப்பரில் ஸ்கோர் படிக்கும், மாட்டுத் தொண்டுப்பட்டியில் வளர்ந்த பிள்ளை காங்கயம் காளையைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் படிக்கும். தெரிந்த விஷயம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கும் முன் கிளை நூலகத்துக்குப் போங்கள். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, அது 1948ஆம் வருஷத்து சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் வந்த முதல் மாநில நூலகச் சட்டம் அது. நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டார். அப்போது கல்வி அமைச்சர் நம் திருப்பூர்க்காரர் தி.சு. அவிநாசிலிங்கம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது திறந்திருக்கும். ஊர் நூலகத்தில் சிறுவர் புத்தகம் ஒரு மூலையில் கட்டுப் பிரிக்காமல்கூட இருக்கும், நூலகரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கேட்க ஆளில்லாமல்தான் பல நூலகங்களில் அது மூலையில் கிடக்கிறது என்பது என் ஆதங்கம்.

அதே அவிநாசிலிங்கம் முன்னின்ற தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் மொடக்குறிச்சி பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர் பெரியசாமித் தூரனை ஆசிரியராக வைத்துக் கலைக்களஞ்சியத்தையும், பிறகு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கானது பத்துத் தொகுதி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அறிவியல் பக்கங்கள் பழசுதான். ஆனால் விலங்கு, பறவை, விளையாட்டு என்று சின்னச் சின்னக் கட்டுரைகளாக இருப்பதால் கதை பிடிக்காத பையன்களுக்கு நன்றாகப் போகும். கதை பிடிக்காதவன் படிக்கவே பிடிக்காதவன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம், அது தப்புக் கணக்கு. கதைதான் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படி வாரியாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் காட்டாமல், நாலைந்து கதையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துப் பையில் போட்டு அனுப்புங்கள். போனில் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் விளையாட்டு வந்துவிடும். பழைய பேப்பர் கடையில் சிறுவர் பத்திரிகைகளை எடை போட்டு வாங்கலாம், கோவைக்குப் போனால் உக்கடம் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வருவது, இந்த லீவுக்கு உதவாது. அடுத்த லீவுக்கு இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பிச்சி, அதாவது உங்கள் அப்பா, இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அண்ணன்மார் கதை சொல்லச் சொல்லுங்கள். பொன்னர், சங்கர், தங்காள் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடிய ஊர்கள் உங்கள் காங்கயம் பக்கத்தில்தான். பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965இல் அங்கே வந்துதான் ஒலிநாடாவில் பதிவு செய்தார். நீளமான கதையைக் கேட்டு, யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்குக் கோபித்தார் என்று நினைவில் வைத்துக்கொள்கிற பிள்ளைக்கு நாளை பெரிய புத்தகம் பயம் காட்டாது. அப்பிச்சி சொன்ன கதையை அவன் சொல்ல நீங்கள் எழுதி, அதையே அவனைப் படிக்கச் சொல்லுங்கள். தன் வாயால் வந்த சொல் என்பதால் எழுத்துக் கூட்டாமலே ஓடும்.

பரிசு கொடுக்கலாமா என்பதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நடத்திய ஆய்வில், படம் வரைய ஆசையுள்ள மழலைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. பிடித்துச் செய்கிற காரியத்துக்குக் கூலி பேசினால் பிடிப்பு போய்விடும் என்பதற்கு இதைக் காட்டுவார்கள். உங்கள் பையனுக்கோ பிடிப்பே இன்னும் வரவில்லை, தொடக்கத்தில் ஒரு பரோட்டாவோ பம்பரமோ கெடுதல் செய்யும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட் மட்டும் பேசாதீர்கள், பக்கத்தைத் தள்ளத்தான் கற்றுக்கொள்வான். டிவி எப்படியும் ஓடும். ஓடுகிற பாட்டில் வரிகள் தமிழ் எழுத்திலேயே கீழே வருகிற மாதிரி காணொளிகளைப் போட்டு விடுங்கள். பாட்டு வரியைத் திரையில் காட்டினால் அரைகுறையாகப் படிப்பவர்களுக்கு வாசிப்பு கூடுகிறது என்று பிரிஜ் கோத்தாரி 1999இல் குஜராத்தித் தூர்தர்ஷனில் தொடங்கிய முயற்சி நீண்ட நாள் நடந்தது. இது புத்தகத்துக்கு மாற்று ஆகாது, சும்மா பார்ப்பதற்கு மேல்.

ஏழாவது முடித்த மகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், எப்போதும் பேய்க்கதைதான் படிக்கிறாள் என்று. படிக்கட்டும், விட்டுவிடுங்கள்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியன், மருத்துவன் இல்லை. லீவுக்கு முன்பும் பையன் தடுமாறினானா என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு தாண்டியும் ஒரே மாதிரி எழுத்துகளை மாற்றிப் படிப்பது, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிவது, பேச்சிலும் கணக்கிலும் சூட்டிகையாக இருந்துகொண்டு படிப்பதில் மட்டும் பின்தங்குவது, இவை தொடர்ந்து இருந்தால் லீவின் மேல் பழி போடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள், எங்கள் பள்ளியில் கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் உண்டு. அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் வழியாகப் பரிசோதிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் கணக்கில் எடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் மேலே சொன்னது உதவும், ஆனால் அது மட்டும் போதாது, பயிற்சி பெற்றவர் தேவை. அறிவு மந்தமில்லை அது, சோம்பலும் இல்லை.

கடைசியாக, அந்த நோட்டு. பள்ளிப் பட்டியலில் உள்ள எல்லாப் புத்தகத்தையும் முடிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். பட்டியலை அவனிடமே கொடுத்து இரண்டு மூன்று எடுக்கச் சொல்லுங்கள், மீதி இடத்தில் அவன் உண்மையிலேயே படித்ததை எழுதுங்கள், நூலகப் புத்தகமோ மஞ்சள் விலைச் செய்தியோ பழைய பத்திரிகையோ. அம்மிச்சியிடம் படித்துக் காட்டிய நாளில் கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மிச்சியே போடட்டும், கையெழுத்து வராவிட்டால் ரேகை வைக்கட்டும். படிக்காத நாளைக் காலியாக விடுங்கள். மிஸ் கேட்டால், நோட்டில் இருப்பது உண்மை என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.